முடிச்சூரில் சிவந்த மஞ்சள் தண்ணீர்

பயணம் போய் வந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த ஊரைப் பற்றித்தான் எழுதுவார்கள். நாங்கள் போய்ச் சேரவே இல்லை. சிறுசேரியிலிருந்து திருப்பதி வரை வெறுங்காலோடு நடப்பதாகக் கிளம்பினோம். இரண்டாம் நாள் மத்தியானம் படப்பைக்கு இந்தப்புறம், ஒரு பம்பு செட்டோடு எங்கள் யாத்திரை முடிந்துவிட்டது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு புரட்டாசி மாதம் அது.

வேண்டுதல் என் கணவர் வரதனுடையது. காரணம் நான். அதற்கு இரண்டு வருடம் முன்னால் வயிற்றில் கட்டி என்று எனக்கு ஆபரேஷன் நடந்தது. நான் மயக்கத்தில் கிடந்தபோது இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, இவள் பிழைத்து வீடு திரும்பினால் நடந்தே வந்து உன்னைப் பார்க்கிறேன் என்று ஏழுமலையானிடம் சொல்லிவிட்டார். என்னைக் கேட்டிருந்தால் ரயிலில் வருகிறேன் என்று சொல்லச் சொல்லியிருப்பேன். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். எதையும் கேள்வி கேட்டே பழக்கம். ஆனாலும் எனக்காக ஒருவர் வெயிலில் நடக்க, நான் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை. நானும் வருகிறேன் என்றேன்.

அவருக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. அதை ஒரு வியாதி என்றே நாங்கள் நினைத்ததில்லை. காபியில் சர்க்கரை கிடையாது, காலையில் ஒரு மாத்திரை, கல்யாண வீட்டில் தன் இலையில் விழும் ஜாங்கிரியை என் இலைக்குத் தள்ளிவிடுவார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த சர்க்கரை. மாத்திரை அட்டையைப் பையில் போட்டுக்கொண்டதும், எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம் என்று எனக்கு ஒரு நிம்மதி.

கூட்டிக்கொண்டு போனவர் எத்திராஜ் அண்ணன். சிறுசேரியில் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். கிணற்று மோட்டாருக்கு இணைப்பு வாங்க அலைந்த நாட்களில், மின்சார அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் கணவரோடு பழக்கமானவர். ஒவ்வொரு புரட்டாசியிலும் ஊர்க்காரர்களைத் திரட்டிக்கொண்டு திருப்பதிக்கு நடப்பார். அந்த வருடம் நாங்கள் இரண்டு பேரையும் சேர்த்து இருபத்து மூன்று பேர்.

விடிவதற்குள் சிறுசேரிப் பெருமாள் கோயிலில் எல்லார் கையிலும் மஞ்சள் நூலால் காப்பு கட்டினார்கள். கட்டிக்கொண்டே எத்திராஜ் அண்ணன் விதிகளைச் சொன்னார்.

"காப்பு கட்னா செருப்பு கூடாது, வண்டி கூடாது. சாமியப் பாத்து, பிரசாதத்தோட வர்ற வரைக்கும் சொந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. ஒருத்தர் தப்பு பண்ணாலும் மொத்த கூட்டத்துக்கும் ஆவாது. இன்னா, புரிஞ்சிதா?"

எனக்குப் பயமாக இருந்தது. வாசப்படி விதியைக் கேட்டு இல்லை. இருபத்து மூன்று பேர் தலையெழுத்தையும் ஒரே நூலில் கோத்துவிட்டாரே என்றுதான்.

முதல் ஐந்தாறு கிலோமீட்டர் உல்லாசமாகப் போயிற்று. சவுக்குத் தோப்புக் காற்று, கோவிந்தா கோஷம், கேளம்பாக்கம் முனையில் வெண்பொங்கல். பொங்கலில் முந்திரிக்குப் பதில் வேர்க்கடலை போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்படிப் போட்டால் என் கணவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். அன்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் போகும் ரோட்டில்தான் ஆரம்பித்தது. நிழல் என்று ஒரு மரம் கிடையாது. பத்து மணிக்கே தார் சுட ஆரம்பித்துவிட்டது. ஓரத்து மண்ணில் நடந்தால் நெருஞ்சி முள், ரோட்டில் நடந்தால் சூடு. இரண்டுக்கும் நடுவே எல்லாரும் தாவித் தாவி நடந்தோம். மாம்பாக்கம் தாண்டி ஓரிடத்தில் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சல்லி கொட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கால்களில் சாக்குத் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எங்களைப் பார்த்து ஒருத்தி இன்னொருத்தியிடம் தெலுங்கில் சொன்னாள். பக்கத்து வீட்டுப் புண்ணியத்தில் எனக்குத் தெலுங்கு புரியும். "வீட்டில் செருப்பை வைத்துவிட்டு வந்து இதில் நடக்கிறார்கள் பார், பைத்தியங்கள்" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சாக்கில் இரண்டு முழம் கேட்கலாமா என்று இருந்தது.

எல்லாரும் தாவிக்கொண்டிருந்தபோது என் கணவர் மட்டும் நடு ரோட்டில் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தார். அலுவலகத்துக்கு நடக்கிற அதே நடை. முதலில் கவனித்தவர் எத்திராஜ் அண்ணன்.

"சார், கால் சுடலயா?"

"இல்லையே. லேசா வெதுவெதுன்னு இருக்கு, அவ்வளவுதான்."

"டீச்சரம்மா, பாத்தியா? வருஷா வருஷம் நடக்கிறேன், என் காலே அப்பளமாப் பொரியுது. சாருக்குப் பெருமாளே கால் அடியில கைய வச்சுக்கினு வர்றாரு."

பேச்சு முன்னாலிருந்து பின்னால் வரை ஓடிற்று. வண்டலூர் வருவதற்குள், கூட்டத்துக்கு முன்னால் பிடித்துப் போகும் கருடக்கொடி இவர் கைக்கு வந்துவிட்டது. காலில் வலி தெரியாதவர்தான் கொடி பிடிக்க வேண்டும் என்று எத்திராஜ் அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டார். மின்சார அலுவலகத்தில் இருபது வருடம் பதவி உயர்வுக்குக் காத்திருந்த மனிதர், கொடியைப் பிடித்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. வேண்டுதல் அவருடையது, கொப்புளம் மட்டும் எனக்கா?

சாயங்காலம் பீர்க்கன்கரணை ஏரிக்கரைப் பிள்ளையார் கோயிலில் தங்கல். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீடு அதே பீர்க்கன்கரணையில்தான், அங்கிருந்து மூன்றாவது தெரு. ஒரு நாள் முழுக்க நடந்து சொந்த வீட்டுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்திருந்தோம். என் பாத்ரூம், என் கட்டில், அலமாரியில் டெட்டால், பஞ்சு எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. போகக் கூடாது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா தூக்குச்சட்டியில் ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஏதோ ஜெயிலுக்கு மனுப் பார்க்க வந்தவர் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து கால்களை நீட்டி, கொப்புளத்தை எண்ணி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார்கள். இவர் மட்டும் காலை மடித்து உட்கார்ந்து கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டிருந்தார். எத்திராஜ் அண்ணனின் மனைவி கன்னியம்மா வந்து இவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மற்ற பெண்களும் வந்தார்கள். கூச்சத்தில் நெளிந்தார், ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை. நான் என் கொப்புளத்தில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எழுந்து போய் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

மறுநாள் காலை பெருங்களத்தூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டிக்குக் காத்து நின்றபோது பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒருவன் கோலி சோடா பெட்டியை இறக்கினான். கை தவறிப் பெட்டி விழுந்தது. நாலைந்து பாட்டில் உடைந்து பச்சைக் கண்ணாடி ரோட்டில் சிதறியது. எல்லாரும் பார்த்துப் பார்த்து ஒதுங்கினோம். இவர் கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு முன்னால் நின்றிருந்தார். கேட் திறந்ததும் கோவிந்தா என்று அவர்தான் முதலில் நடந்தார்.

முடிச்சூரில் வயல்களுக்கு நடுவே ரோடு போகும். யாத்திரை போகிறவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம். ஒரு வீட்டு வாசலில் பெரிய பித்தளைத் தாம்பாளத்தை வைத்து, ஒவ்வொருவராக அதில் ஏறி நிற்கச் சொல்லி, வீட்டுக்காரப் பெண் குடத்திலிருந்து ஊற்றினாள். தாம்பாளத்தில் தேங்குகிற தண்ணீரைப் பிறகு வயலில் தெளிப்பார்களாம். கொடி பிடித்தவர் என்பதால் இவர்தான் முதலில் ஏறினார்.

மஞ்சள் தண்ணீர் பாதத்தில் விழுந்தது. தாம்பாளம் மெல்லச் சிவந்தது.

"யம்மாடி! ஆலம் மாதிரி செவந்துட்ச்சே!" என்று அந்தப் பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பெருமாளே வந்து நிக்கிறா மாரி கீது!"

கூட்டம் முண்டியடித்தது. கன்னியம்மா அந்தத் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும். இருபது வருடமாக எட்டாம் வகுப்புக்கு மஞ்சள் தாளில் சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டு வைத்துக் காட்டுகிறவள் நான்.

"ஒண்ணும் அதிசயம் இல்லம்மா. முன்னே எப்பவோ ஆரத்திக்கு ஆலம் கரைச்ச தட்டுதானே? ஓரத்துல சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். அதான் சிவந்திருக்கு" என்று சத்தமாக விளக்கினேன்.

எத்திராஜ் அண்ணன் தலையாட்டினார். "டீச்சரம்மா சொன்னா கரீட்டா இருக்கும்."

அவர்கள் அதிசயம் என்றார்கள், நான் அறிவியல் என்றேன். அது என்னவென்று குனிந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்து ஏறிய கன்னியம்மாவுக்குத் தாம்பாளத்தைக் கழுவி வைத்தார்கள். அதில் தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது. கழுவியதில் சுண்ணாம்பு போய்விட்டது என்று அதையும் நானே சொன்னேன்.

வெயில் ஏறியது. பதினொரு மணிக்கு மேல் இவர் நடை லேசாகச் சாய்வதைக் கவனித்தேன். களைப்பா என்று கேட்டேன். இல்லை என்றார். முகம் வேர்த்து வெளுத்திருந்தது. பசி நேரம், சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நினைத்து ஒரு வாழைப்பழம் கொடுத்தேன்.

படப்பைக்கு முன்னால் ஒரு பம்பு செட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். புளியோதரை, வடாம். தொட்டியிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் கண்ணாடி போல ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் காலை வைத்ததும் அப்பாடா என்றார்கள். இவரும் என் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, புளியோதரையில் காரம் போதாது என்றார்.

நான் குனிந்தேன். அவர் வலது காலிலிருந்து சிவப்பாக ஒரு இழை புறப்பட்டுத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது.

இங்கே மஞ்சள் இல்லை. சுண்ணாம்பும் இல்லை.

என் கையிலிருந்த இலை வாய்க்காலில் விழுந்தது. அவர் காலைப் பிடித்து மேலே தூக்கித் திருப்பினேன். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் வெடித்துத் தோல் உரிந்து வெளுத்திருந்தது. கட்டை விரலுக்குக் கீழே, சதைக்குள், பச்சைக் கண்ணாடி. சுண்டு விரல் அகலத்துக்கு இருக்கும், பாதி உள்ளே போயிருந்தது. அவர் இன்னும் மென்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, காலில் கண்ணாடி ஏறியிருக்கு!"

"எங்கே?"

"இங்கேதான். நான் தொடறேனே, தெரியலையா?"

"தொடறியா?" என்றார்.

பெருங்களத்தூரிலிருந்து இங்கே வரை அதை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒருவர் புகையிலை வைத்துக் கட்டச் சொன்னார், ஒருவர் கோடாலித் தைலத்தை நீட்டினார். நான் யாரையும் தொட விடவில்லை. உடனே தாம்பரத்துக்கு டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். எத்திராஜ் அண்ணன் முகம் மாறியது.

"காப்பு கட்னவங்க நடுவுல வண்டி ஏறக் கூடாது டீச்சரம்மா. எல்லார் வூட்லயும் புள்ள குட்டி கீது. நீயே சொல்லு, நான் இன்னா பண்றது?"

அவர் கெட்டவர் இல்லை. இருபது பேர் முகத்திலும் அதே பயம்தான் இருந்தது. ஆனால் அந்த நிமிடம் அவரைப் பிடித்து வாய்க்காலில் தள்ளலாம் போல இருந்தது எனக்கு.

"வலியே இல்லையே சுமதி" என்றார் இவர். "வலிக்காத காலுக்கு எதுக்கு டாக்டர்? துணியைச் சுத்திக் கட்டு. நான் நடந்துடுவேன்."

"வலிக்கலைன்னுதாங்க எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படாதே, பாரு" என்று சொல்லிவிட்டுக் கொடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். தொட்டியைச் சுற்றிப் போட்டிருந்த சிமெண்டுத் தரையில் பத்தடி நடந்து காட்டினார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சிவப்புத் தடம் விழுந்தது. திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரும் பார்த்தார்.

நான் கிட்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இந்த வேண்டுதல் யாருக்கு? எனக்குத்தானே? நான் சொல்றேன், போதும். ஏதாவது வண்டியில ஏறலாம் வாங்க."

அவர் குரல் இறங்கிவிட்டது. எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நடுவுல விட்டா உனக்கு ஏதாவது ஆயிடும் சுமதி. டாக்டர் கைவிட்ட அன்னிக்கு நான் கேட்டேன், அவர் கொடுத்தார். இப்ப ஏமாத்தினா திருப்பி எடுத்துக்க மாட்டாரா?"

இரண்டு வருடமாக அவருக்குள் இப்படி ஒரு பயம் இருந்தது எனக்குத் தெரியாது. பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

"எனக்கு ஆகிறது ஆகட்டும். என்னால உங்க கால் போச்சுன்னு தெரிஞ்சுகிட்டு நான் எப்படிங்க வீட்டுல நடமாடுவேன்?"

கன்னியம்மாதான் புருஷனைப் பார்த்துக் கத்தினாள். "யோவ், ரத்தம் கொட்டிக்கினு கீது, நீ இன்னாமோ சட்டம் பேசிக்கினு நிக்கிற? காலையில நான் தலையில தெளிச்சிக்கினது இந்த ரத்தந்தான்யா! அந்த மனுஷன் கால் போனா நமக்கு நல்லா ஆவுமா?" என்று சொல்லிவிட்டு இவர் கையிலிருந்து கொடியை வாங்கிக்கொண்டாள். எத்திராஜ் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்.

ஒரு பஸ் வந்தது. படியில் தொங்கிக்கொண்டு போனார்கள், நிற்கவில்லை. அடுத்தது வர அரை மணியாகும் என்றார்கள். எத்திராஜ் அண்ணன் நடு ரோட்டில் கையை விரித்து நின்று, காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வேனை மறித்தார். முட்டைக்கோஸ் இலை வாடையில் காலிச் சாக்குகள் மேல் இவரைப் படுக்க வைத்து, காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். காலை முழுக்க நடந்ததை வேன் அரை மணியில் திருப்பி ஓட்டியது. முடிச்சூரில் அந்தத் தாம்பாள வீட்டு வாசலைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பெருங்களத்தூர் கேட் மறுபடி மூடியிருந்தது. இரண்டு மின்சார ரயில்கள், பின்னால் ஒரு எக்ஸ்பிரஸ். என் புடவை மடி ஈரமாகிக்கொண்டே இருந்தது. கேட்காரரிடம் இறங்கிப் போய்ச் சண்டை போட்டேன். அவர், "ரயிலை நான் நிறுத்த முடியுமாம்மா?" என்றார் பாவம். திரும்பி வந்தபோது இவர் கண்ணைத் திறந்து, "வீட்டுக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிடாதே. வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில், தாம்பரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சின்ன நர்சிங் ஹோம் இருந்தது. டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. காலைப் பார்த்ததும் என்னைத்தான் பார்த்தார். "எவ்வளவு நேரமா?" என்று கேட்டார். நான் காலையிலிருந்து என்றேன். "எத்தனை வருஷமா சுகர்?" நான் எட்டு என்றேன். "காலைத் தினம் பாக்கணும்னு யாரும் சொல்லலையா?"

இவர் முழங்காலுக்கு மேலே குறுக்காக ஒரு பச்சைத் துணியைத் திரை மாதிரி கட்டினார்கள். கண்ணாடியை எடுக்கும்போது மரத்துப்போக ஊசி போடுவதா என்று நர்ஸ் கேட்டாள். டாக்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். எடுத்துக் கிண்ணத்தில் போட்ட சத்தம் கேட்டதும் இவர், "ஆரம்பிச்சாச்சா டாக்டர்?" என்றார்.

பிறகு டாக்டர் ஒரு ஊசியை எடுத்தார். "கண்ணை மூடிக்குங்க. நான் குத்தும்போது 'ஆ'ன்னு சொல்லுங்க." இடது காலில் விரல் நுனி, நடு, குதிகால் என்று குத்திக்கொண்டே போனார். ஐந்து, ஆறு, ஏழு. இவர் கண்ணை இறுக மூடி, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி கவனமாகக் காத்திருந்தார்.

"இன்னும் குத்தலையா டாக்டர்?" என்றார்.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது, இரண்டு பாதமும் கணுக்கால் வரை செத்துப்போயிருக்கிறது, அதனால்தான் தார் சுடவில்லை, கண்ணாடி தெரியவில்லை என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். திருப்பதி வரை நடந்திருந்தால் காலே போயிருக்கும், இப்போது கட்டை விரலோடு தப்பித்தாலும் தப்பிக்கலாம் என்றார். அப்படித்தான் ஆயிற்று. மறுவாரம் விரலை எடுத்தார்கள், கால் நின்றது.

ஆனால் அன்று, டாக்டர் கை கழுவப் போன பிறகு, நான் காலடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். திரைக்கு அந்தப்புறம் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"அப்போ, பெருமாள் என் கால் அடியில கையை வைக்கலை."

இரண்டு நாள்தான் அந்த மனிதர் நிமிர்ந்து நடந்தார்.

"பரவாயில்லை" என்று அவரே சொன்னார். "உனக்கு ஒண்ணும் ஆகாது இல்லே?" ஆகாது என்று தலையை ஆட்டினேன், திரைக்கு அந்தப்புறம் அது அவருக்குத் தெரிந்திருக்காது. கொஞ்சம் பொறுத்து அவர் குரலில் கலக்கம் தெரிந்தது. "சுமதி? எங்கே போயிட்டே? கொஞ்சம் கிட்ட வந்து உக்காரேன்."

நான் எங்கேயும் போகவில்லை. அவருடைய இரண்டு பாதங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.